நவம்பர் மாத ஐயாயிரம்

பாளையங்கோட்டை,
25.1.2026

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு இடது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து விடத்தான் தினமும் ஒரு சண்டை. அண்ணன் மகள் சிறுவீட்டுப் பொங்கல் விட்டாள். வறட்டியை ஆற்றில் விடும்போது அத்தை எங்கே என்று கேட்டாள். அத்தைக்குப் பேப்பர் திருத்துகிற வேலை என்று சொன்னேன். நீ சொன்னதைத்தானே நான் சொல்ல முடியும்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ "கிளாஸ் இருக்குப்பா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட முடியாது.

நவம்பர் 5-ம் தேதி அம்மா கணக்குக்கு ஐயாயிரம் வந்தது. டிசம்பர் 5-ம் தேதியும் வந்தது. இந்த மாதமும் வந்தது. அம்மாவுக்குச் சந்தோஷம். பாஸ்புக்கில் பதிந்துகொண்டு வரச் சொன்னாள், போய்ப் பதிந்து வந்தேன்.

முப்பத்தி நாலு வருஷம் கல்லூரி ஆபீஸில் குப்பை கொட்டியவன் நான். நீ பிஎச்.டி. ஆராய்ச்சியில் சேர்ந்தது 2.11.2020. ஜூனியர் ஃபெலோஷிப் உதவித்தொகை இரண்டு வருஷம், மாதம் 31,000. அப்புறம் சீனியர் மூன்று வருஷம், 35,000. அது 2023 ஜனவரியிலிருந்து 42,000 ஆனது. அரியர் வந்ததும் அம்மாவுக்கு மிக்ஸி வாங்கிக் கொடுத்தாய். இரண்டும் மூன்றும் ஐந்து. அதற்கு மேல் பல்கலைக்கழக மானியக் குழு, அதுதான் யூஜிசி, ஒரு நாள்கூடத் தராது. அக்டோபர் பணம் தாமதமாக நவம்பரில் விழுந்திருக்கும் என்றே வைத்துக்கொள்கிறேன். டிசம்பர் எங்கிருந்து வந்தது?

கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். தீபாவளிக்குப் பிறகு ஏதோ டிகிரி காலேஜில் வகுப்பு எடுப்பதாக அம்மாவிடம் சொன்னாயே, அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. உதவித்தொகை வாங்குகிறவரை வேறு எங்கேயும் சம்பளம் வாங்கக் கூடாது. நீ வாங்குகிறாய் என்றால் அது நின்றுவிட்டது என்று அர்த்தம். கெஸ்ட் லெக்சரருக்கு ஒரு வகுப்புக்கு 1,500, மாதம் 50,000-க்கு மிகாமல் என்று 2019-ல் யூஜிசி காகிதத்தில் போட்டிருக்கிறது. உனக்கு எவ்வளவு தருகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று மட்டும் சொல். பதினாறா, பதினெட்டா? போக வர பஸ்ஸில் எவ்வளவு நேரம்? மே மாதம் வகுப்பு இருக்காது, அப்போது என்ன செய்வாய்?

இது போக உன் கைடு கொடுக்கிற டுட்டோரியல், விடைத்தாள். 2022 விதியில் ஆராய்ச்சி மாணவர்களுக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தல் உதவி என்று இருக்கிறது. நீ அதற்கு முன்னால் சேர்ந்தவள், உனக்கு அது பொருந்தாது. ஆனாலும் ஓர் அளவு என்று போட்டிருக்கிறார்கள் அல்லவா? டுட்டோரியல் நடத்து, தாள் திருத்து என்பதுதான் அதில் இருக்கிறது. கைடு ஊருக்குப் போனால் அவர் வகுப்பையும் நீயே எடு என்று எங்கும் இல்லை. சண்டை போடச் சொல்லவில்லை. எத்தனை மணி நேரம் எடுத்தாய் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வை.

மிக முக்கியமானது, பிஎச்.டி. முடிக்க இருக்கிற ஆறு வருஷக் கெடு. அது இந்த நவம்பரில் முடிகிறது. பெண்களுக்கு இரண்டு வருஷம் கூடுதலாகத் தரலாம் என்று விதியிலேயே இருக்கிறது. ஆனால் அது தானாக வராது, கேட்டு வாங்க வேண்டும். இப்போதே விண்ணப்பம் எழுது. கைடு கையெழுத்து, துறைத் தலைவர் கையெழுத்து, இன்வர்டில் சீல். நகல் ஒன்று உன்னிடம் இருக்க வேண்டும். வாயால் சொன்னேன், வாட்ஸப்பில் அனுப்பினேன் என்பதெல்லாம் ஆபீஸில் நிற்காது.

ஒன்று மட்டும் எனக்கு எப்போதும் எரிச்சல். சில்லறைச் செலவுக்கு என்று வருஷத்துக்கு அறிவியல் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு வருஷம் 12,000, அப்புறம் 25,000. உங்களுக்கு 10,000, அப்புறம் 20,500. லேப் இல்லை, அதனால் செலவும் இல்லை என்று கணக்குப் போட்டிருப்பார்கள் போலிருக்கிறது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய கால்வாய்க் கோப்புகளைப் பார்க்க நீ எத்தனை தடவை ஹைதராபாத்துக்கும் சென்னைக்கும் அலைந்தாய், எத்தனை நாள் ஹாஸ்டல் வாடகை கொடுத்தாய் என்பதற்கு என்னிடம் கணக்கு இருக்கிறது. அறிவியல்காரனுக்கு ஃபெலோஷிப் முடிந்தாலும் கைடிடம் ஏதாவது ஒரு புராஜெக்ட் இருக்கும், அதில் ஒட்டிக்கொள்வான். சரித்திரம் படிக்கிறவளுக்கு அதுவும் இல்லை. சரித்திர ஆராய்ச்சிக்கு உதவுகிற மத்திய அரசு அமைப்பான ஐசிஎச்ஆரில் ஆய்வுப் பயணத்துக்கு உதவி கொடுப்பார்கள், போட்டுப் பார். போட்டால் நகல் வைத்துக்கொள்.

தம்பி போன மாதம் உன்னைப் பார்க்க வந்தபோது கரும்பலகையைப் போட்டோ எடுத்து அனுப்பினான். தாமிரபரணியை வரைந்து அணைக்கட்டு ஒவ்வொன்றையும் குறித்திருந்தாய். அம்மா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். உன் கையெழுத்து அப்படியே என் கையெழுத்து. தெலுங்குப் பிள்ளைகளுக்கு நம் ஆற்றைச் சொல்லிக் கொடுக்கிறாய். மேலத்தெரு மாமாவிடமும் காட்டினேன். "சரி, வேலை எப்போ பெர்மனெண்ட் ஆகும்?" என்றார். நான் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். ஆனால் பாப்பா, அவர் கேட்டதையே நானும் உன்னிடம் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். பெரியத்தை கேட்பது வேறு, அதை இதில் எழுத மாட்டேன்.

இப்போது எழுதப் போவதை அம்மாவிடம் படித்துக் காட்ட வேண்டாம்.

2011-ல் நம் கல்லூரியில் தமிழ்த்துறையில் ஒரு பெண் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஃபெலோஷிப் அப்போது 16,000. இப்போது மாதிரி நேராகக் கணக்கில் விழாது. பணம் கல்லூரிக்கு வரும், நாங்கள் கொடுப்போம். கொடுத்ததற்குப் பயன்பாட்டுச் சான்று அனுப்பினால்தான் அடுத்த தவணை வரும். அந்தச் சான்று என் மேஜையில் இருந்தது. இரண்டு தடவை வந்து கேட்டாள், நாளைக்கு என்றேன். மூன்றாம் தடவை நேராக முதல்வரிடம் போய்விட்டாள். அவர் என்னைக் கூப்பிட்டு, ஸ்டாஃப் எல்லாரும் இருக்கும்போதே சத்தம் போட்டார். அன்றைக்கு அந்தக் கோப்பை அடியில் வைத்தேன்.

அப்புறம் ஜெராக்ஸ் ரசீதில் தேதி இல்லை என்றேன். தேதி போட்டு வாங்கி வந்தாள். கடைக்காரர் கையெழுத்து இல்லை என்றேன். ஆடிட்டர் ஆட்சேபம் சொல்வார் என்றேன். ஆடிட்டர் எதையும் சொல்லவில்லை. ஐந்து மாதம். அந்த ஐந்து மாதமும் துறையில் ஒரு ஆசிரியர் மெடிக்கல் லீவு, அவர் வகுப்புகளை இவள்தான் எடுத்தாள். அதற்குத் தனியாகக் காசு கிடையாது. ஃபெலோஷிப் வாங்குகிறாள் அல்லவா, எடுக்கட்டும் என்று சொன்னார்கள். ஆனால் அந்த ஃபெலோஷிப் என் மேஜையில் அடியில் கிடந்தது. வளையலை அடகு வைத்துவிட்டாள் சார் என்று அட்டெண்டர்தான் வந்து சொன்னார். அதற்குப் பிறகும் பத்து நாள் எடுத்துக்கொண்டேன், அவர் சொன்னதால் அனுப்பினேன் என்று ஆகிவிடக் கூடாதே என்று.

முதல்வர் சத்தம் போட்ட அன்றைக்கு இரவு சாப்பிடும்போது அம்மாவிடம், "சும்மா உட்கார்ந்து காசு வாங்குதுக, அதுக்கு இவ்வளவு திமிரு" என்றேன். நீ ப்ளஸ் ஒன். எதிரே உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தாய். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அதனால் கேட்டிருக்காது என்று நினைத்தேன்.

இந்த மூன்று மாதமும் அந்தச் சாப்பாடுதான் நினைவுக்கு வருகிறது. ஃபெலோஷிப் நின்றதை அம்மாவிடம் சொல்லாததற்கு வேறு காரணம் இருக்கலாம். என்னிடம் சொல்லாததற்கு அதுதான் காரணம் என்று தோன்றுகிறது. நான் தப்பாக நினைத்திருந்தால் எழுது. தப்பில்லை என்றால் அதையும் எழுது, கோபித்துக்கொள்ள மாட்டேன். ரிட்டயர் ஆன நாளில் அந்தப் பெண்ணைத் தேடிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். செய்யவில்லை.

ஐயாயிரத்தை அடுத்த மாதத்திலிருந்து அனுப்பாதே. அம்மாவிடம் என் பென்ஷன் கூடியிருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறேன். ஒரு வருஷம் வகுப்பைக் குறைத்துக்கொண்டு எழுதி முடிக்க மாதம் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டு அனுப்பு. வாடகை, சாப்பாடு, பஸ், ஜெராக்ஸ் எல்லாம் தனித்தனியாக. ரசீது கேட்க மாட்டேன்.

பெண்களுக்கான இரண்டு வருஷ விண்ணப்பத்தை மறந்துவிடாதே. நகல்.

அப்பா