வில்லி ஓ'ரீயின் வலது கண்ணும் நம் மலை மைதானங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கனடாவைச் சேர்ந்த ஐஸ் ஹாக்கி வீரர் வில்லி ஓ'ரீயின் வாழ்க்கையைப் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். நம் நாட்டில் லடாக் போன்ற சில பகுதிகளில் மட்டுமே வேரூன்றிய ஓர் ஆட்டத்தின் வீரருக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால், வலது கண்ணில் பார்வை போனதை அவர் மறைத்து ஆடியதைக் கட்டுரை வீரச் செயலாகவே போற்றி முடிக்கிறது. நீலகிரியில் நீண்ட காலம் பள்ளி மாணவர்களுக்கு ஹாக்கி கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில், அந்தப் பாராட்டு எங்கள் பிள்ளைகளின் காதில் எப்படி விழும் என்று எண்ணிப் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். 1935-ல் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் பிரெடரிக்டன் நகரில் பிறந்த ஓ'ரீ, 1955-56 பருவத்தில் கிச்சனர் நகர இளையோர் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தபோது, 'பக்' எனப்படும் கெட்டி ரப்பர் வட்டு மட்டையில் பட்டுத் தெறித்து அவர் முகத்தைத் தாக்கியது. மூக்கும் கன்ன எலும்பும் முறிந்தன. வலது கண்ணின் பார்வையில் ஏறத்தாழ 95 சதவீதம் போய்விட்டது. இனி ஆடவே முடியாது என்றார் மருத்துவர். ஒரு கண்ணில் பார்வை இழந்தவர் ஆடக்கூடாது என்பது வட அமெரிக்காவின் தலைமை லீக்கான என்.ஹெச்.எல்.-இன் விதியாகவும் இருந்தது. ஓ'ரீ மிக நெருங்கியவர்களைத் தவிர யாரிடமும் சொல்லாமல் சில வாரங்களிலேயே களத்துக்குத் திரும்பினார். 1958 ஜனவரி 18 அன்று, மான்ட்ரியல் நகரில், பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்காக இறங்கி, அந்த லீக்கில் ஆடிய முதல் கறுப்பின வீரரானார். அந்த லீக்கில் அவருக்குக் கிடைத்தவை மொத்தம் 45 ஆட்டங்கள். அடித்தவை 4 கோல்கள்.

கட்டுரை விட்டுவிட்ட இடம் இனிமேல்தான் வருகிறது. ஓ'ரீ ஆடியது இடது விங்கில், அதாவது தாக்குதல் வரிசையின் இடது ஓரத்தில். அந்த இடத்தில் நிற்பவருக்குப் பாஸ் பெரும்பாலும் வலப்புறமிருந்துதான் வரும். எதிரணியின் தடுப்பாட்டக்காரரும் அந்தப் பக்கமிருந்துதான் மோத வருவார். அந்தப் பக்கத்துக் கண் தெரியாத ஒருவர், ஒவ்வொரு பாஸுக்கும் தலையை முழுவதுமாக வலது தோளுக்கு மேல் திருப்பி, இடது கண்ணால் வட்டைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும் ஆட்டத்தில் அந்தத் திருப்பம் எவ்வளவு விலை கேட்டிருக்கும் என்பதை மட்டை பிடித்த எவரும் உணர்வார்கள். பின்னர், கீழ்நிலை லீக் ஒன்றில் லாஸ் ஏஞ்சலஸ் பிளேட்ஸ் அணிக்கு ஆடியபோது பயிற்சியாளர் அவரை வலது விங்குக்கு மாற்றினார். அங்கே வலது கண் தளத்தைச் சுற்றி நிற்கும் பலகைச் சுவரின் பக்கம் இருக்க, நல்ல கண் ஆட்டத்தின் பக்கம் இருந்தது. அதன்பின் ஒரே பருவத்தில் 38 கோல்கள் அடித்தார். உண்மையைச் சொல்ல வழி இருந்திருந்தால் அந்த இடமாற்றம் பாஸ்டனிலேயே நடந்திருக்கலாம் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

ஓ'ரீயை நான் குறை சொல்லவில்லை. அன்று ஆறு அணிகள் மட்டுமே கொண்டிருந்த லீக் அது. நிறத்தைச் சொல்லி இழிவாகப் பேசியவர்களுக்கும் மட்டையால் குத்தியவர்களுக்கும் நடுவே நின்றவர் அவர். அவருக்குப் பின் இன்னொரு கறுப்பின வீரர் அங்கே ஆட 1974 வரை ஆயிற்று. வாய் திறந்தால் வெளியே போக வேண்டும் என்ற நிலையில் ஒருவரை நிறுத்திவிட்டு, அவர் வாய் திறக்காததை வீரம் என்று கொண்டாடுவது சரியல்ல என்பதே என் வாதம்.

இந்த நிலை எங்கள் மலைக்குப் புதிதல்ல. குன்னூர், வெலிங்டன், கோத்தகிரிப் பக்கங்களில் ஹாக்கி ஆடாத தெருப் பிள்ளைகள் குறைவு. ஐஸ் ஹாக்கியின் வட்டு 156 முதல் 170 கிராம். நம் ஹாக்கிப் பந்து 156 முதல் 163 கிராம். கனத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. சரளைக்கல் கிடக்கும் மண் தரையில் அந்தப் பந்து எப்போது எழும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. மதியத்துக்கு மேல் மேகம் இறங்கிவிட்டால் பந்து வருவதே தெரியாது. என் மாணவன் ஒருவன் புருவத்தின் கீழே அடிபட்டதை வீட்டிலும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. மறுவாரம் மாவட்ட அணித் தேர்வு. அணியில் இடம் என்றால் விளையாட்டு விடுதி, கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு, பிறகு ஒரு வேலை என்று தேயிலைப் பறிக்கும் தாய் கட்டிய கணக்கு அவன் தலையில் இருந்தது. கோவைக்குக் கூட்டிச் சென்றபோது விழித்திரை விலகி நாளாகியிருந்தது. பார்வையில் பாதிகூடத் திரும்பவில்லை.

ஐஸ் ஹாக்கி தன் தவறுகளிலிருந்து மெல்லக் கற்றிருக்கிறது. 1959-ல் மான்ட்ரியல் கோல்காப்பாளர் ஜாக் பிளான்ட் முகத்தில் அடிபட்ட பின் முகக்கவசத்துடன் களமிறங்கினார். 1979 முதல் புதிதாக வருபவர்களுக்குத் தலைக்கவசமும், 2013 முதல் கண்ணை மறைக்கும் கண்ணாடிக் கவசமும் கட்டாயமாயின. 2000-ல் எதிராளியின் மட்டை பட்டுக் கண் சிதைந்த பிரையன் பெரார்ட், அறுவை சிகிச்சைகளுக்குப் பின் லென்ஸ் அணிந்து, லீக் கேட்ட குறைந்தபட்சப் பார்வையை வெளிப்படையாகச் சோதித்துக் காட்டி, மறு ஆண்டே ஆடத் திரும்பினார். ஓ'ரீக்குக் கிடைக்காத வழி அது.

ஓ'ரீயின் பிற்காலத்துக்குக் கட்டுரையில் இரண்டு வரிகளே இருந்தன. 1979 வரை அவர் ஆடினார். பிறகு ஒரு ஹோட்டலில் பாதுகாப்புப் பணி பார்த்தார். 1998 முதல் அதே லீக்கின் சார்பில் ஊர் ஊராகச் சென்று, இந்த ஆட்டம் நமக்கில்லை என்று எண்ணியிருந்த பிள்ளைகளைப் பனித்தளத்துக்கு அழைத்து வந்தார். 2018-ல் ஹாக்கிப் புகழ்மன்றத்தில் அவரைச் சேர்த்தது இந்தப் பணிக்காகவே. 2022-ல் பாஸ்டன் அணி அவருடைய 22-ஆம் எண் சட்டைக்கு, இனி யாருக்கும் தருவதில்லை என்று, ஓய்வளித்தது. எங்கள் மாணவர்கள் விரிவாகப் படிக்க வேண்டிய பகுதி இதுவென்று கருதுகிறேன்.

எனவே இரண்டு வேண்டுகோள்கள். கண்ணில் மின்னல்போல் ஒளி வெட்டுதல், கரும்புள்ளிகள் மிதத்தல், திரை இறங்குவதுபோல் ஓரம் இருளுதல் ஆகியவை விழித்திரை விலகலின் அறிகுறிகள் என்பதையும், அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பதையும் இங்கே லீக் ஆட்டங்கள் தொடங்கும் முன் தங்கள் விளையாட்டுப் பக்கத்திலேயே வெளியிட வேண்டும். மாவட்ட அணித் தேர்வு நாளில் உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் மருத்துவர் ஒருவர் மைதானத்தில் இருக்கவும், காயத்தைச் சொல்லும் மாணவனுக்குக் குணமான பின் தனியாக ஒரு தேர்வு வைக்கவும் மாவட்ட நிர்வாகமும் விளையாட்டு அலுவலரும் ஆவன செய்ய வேண்டும். இரண்டாவது தேர்வு உண்டு என்று எழுத்தில் அறிவித்தால் மட்டுமே பிள்ளைகள் உண்மையைச் சொல்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
அருவங்காடு, நீலகிரி மாவட்டம்.