ஒரே வி.ஜி.30, எதற்கு இரண்டு ரேட்?

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

லேஅவுட் ரோடு, கம்பெனி யார்டு எதுவானாலும் எங்கள் கொட்டேஷனில் இரண்டு ரேட் இருக்கும்: ரிஃபைனரி டேங்கர் தாருக்கு ஒன்று, இறக்குமதி டிரம் தாருக்கு அதைவிடக் குறைவாக ஒன்று. "ரெண்டும் வி.ஜி.30 தார்தானே?" என்று கேட்கிறீர்கள். வி.ஜி.30 என்பது தாரின் தரப் பெயர். நியாயமான கேள்விதான்.

நாம் தார் என்று சொல்லும் பிடுமன், கச்சா எண்ணெயில் பெட்ரோல், டீசல் எல்லாம் பிரித்தபின் அடியில் தங்குவது. கனமான, மெழுகு குறைந்த எண்ணெயில் நல்ல தார் கிடைக்கும். மெழுகு கூடினால் வெயிலில் சீக்கிரம் இளகும், குளிரில் விரிசல் விடும், ஜல்லியையும் சரியாகப் பிடிக்காது. முன்பு ஐ.எஸ். என்ற இந்தியத் தர விதியிலேயே அசாம் எண்ணெயில் வந்த தாருக்கு 'ஏ', மற்றவற்றுக்கு 'எஸ்' என்று தனி எழுத்து இருந்தது. 2006-லிருந்து பாகுத்தன்மைதான், அதாவது இளகி ஓடாமல் தார் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதுதான் கணக்கு. அதை அளப்பது 60 டிகிரியில். கத்திரி வெயிலில் நம்ம ரோடு அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். வி.ஜி.30 என்றால் அந்த அளவு 2400 முதல் 3600 பாய்ஸ் (பாகுத்தன்மையின் அலகு) வரை இருக்கலாம். 2450-ம் பாஸ், 3550-ம் பாஸ். லாரி திரும்பும் கேட் பக்கம் எது முதலில் பள்ளம் விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நம்ம ஊருக்கு இதைவிடப் பெரிய தலைவலி ஐப்பசி, கார்த்திகை மழை. தார் பூசிய ஜல்லியை பீக்கரில் போட்டு, 40 டிகிரி தண்ணீரில் ஒரு நாள் ஊறவைப்போம். ஒரு லாட்டில் கல் கறுப்பாகவே இருக்கும். இன்னொன்றில் முனை முனையாகத் தார் உரிந்து கல் வெளியே தெரியும். ஜல்லி இரண்டிலும் ஒரே திருவக்கரை ஜல்லிதான். உரிகிற தார் வந்தால் சுண்ணாம்புத் தூள் சேர்க்கிறோம். அந்தச் செலவும் ரேட்டில் ஏறும்.

இறக்குமதி டிரம் தார் எல்லாம் மட்டம் என்று சொல்லவில்லை. சில லாட் ரிஃபைனரி டேங்கர் சரக்கைவிட நன்றாகவே இருக்கிறது. ஆனால் அடுத்த லாட் எந்த எண்ணெயிலிருந்து வரும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. அதனால்தான் அதற்குக் குறைந்த ரேட்.

ஒரு வேண்டுகோள். பாதி வேலையில் "விலை குறைந்த தாருக்கு மாத்திக்கலாமே" என்று கேட்காதீர்கள். தார் மாறினால் கலவை விகிதம், பிளான்ட் சூடு எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டும். இனி ஒரு வேலைக்கு ஒரே இடத்துச் சரக்குதான். டெஸ்ட் சர்டிபிகேட் நகலை பில்லோடு இணைத்துத் தருகிறோம். பீக்கரைப் பார்க்க விரும்புவோர், தார் போடுவதற்கு முதல் நாள் சிப்காட் பக்கமுள்ள எங்கள் பிளான்ட்டுக்கு வரலாம்.

இப்படிக்கு,
உங்கள் தார் ரோடு காண்ட்ராக்டர், கடலூர்