விசாரணை அறிக்கை வந்த அன்று எங்கே போயிருந்தீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுச் சேவைகள் திடீரென நின்றுபோவதைப் பற்றிய சென்ற இதழின் தலையங்கத்தில், ‘இத்தகைய தடங்கல்களை யாராலும் முன்கூட்டி அறிய முடியாது; பொதுமக்கள்தான் பொறுமை காக்க வேண்டும்’ என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு மேல் படிக்க மனம் வரவில்லை. பொறுமையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. என் உத்தியோக காலம் முழுவதும் சரக்குப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில்தான் கழிந்தது.

முன்கூட்டி அறிய முடியாதாம்! 2025 மார்ச்சில் ஒரு துணை மின்நிலையம் தீப்பிடித்து, லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் ஏறக்குறைய ஒரு நாள் மூடிக் கிடந்ததே, அப்போது பக்கம் பக்கமாகப் படம் போட்டீர்கள். ஜூலையில் விசாரணை அறிக்கை வந்தது. அந்த மின்மாற்றியின் ஒரு பாகத்தில் ஈரம் கூடியிருப்பது 2018-லேயே எண்ணெய்ப் பரிசோதனையில் தெரிந்துவிட்டது, உரிய நடவடிக்கைதான் எடுக்கப்படவில்லை என்றது அறிக்கை. கிட்டத்தட்ட ஏழு வருடம் தாளில் இருந்த விஷயம். அதைப் பற்றித் தங்கள் இதழில் ஒரு வரி வருமா என்று தேடினேன். குறுக்கெழுத்துப் போட்டி வந்திருந்தது.

அதற்கு முந்தையதும் தங்களுக்கு நினைவிருக்கும். 2023 ஆகஸ்ட் 28 அன்று பிரிட்டனின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக் கணினி நின்றுபோய், ஏழு லட்சம் பேருக்கு மேல் அவதிப்பட்டார்கள். ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டீர்கள். நடந்தது என்ன? ஒரு விமானத்தின் பயணத் திட்டத்தில் ஒரே குறியீடு கொண்ட இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று அமெரிக்காவில், இன்னொன்று பிரான்ஸில். குழம்பிய கணினி, தவறான தகவல் கொடுப்பதைவிட நிற்பதே மேல் என்று நின்றுவிட்டது. சரி, அதற்குத்தானே மாற்றுக் கணினி? அதிலும் அதே மென்பொருள்தான். அதே திட்டத்தைப் படித்தது, அடுத்த சில நொடிகளில் அதுவும் நின்றது. தூரத்திலிருந்து சரிசெய்ய முடியாமல், வீட்டிலிருந்த பொறியாளர் கிளம்பி அலுவலகம் வந்து சேரவே சுமார் ஒன்றரை மணி நேரம் ஆனது. மாற்று ஏற்பாடு இருக்கிறது என்று சொல்லும் ஒவ்வொரு நிர்வாகத்திடமும், முதலாவது எதனால் விழுகிறதோ அதனாலேயே இரண்டாவதும் விழுமா என்று தங்கள் நிருபர்கள் ஒரு முறையாவது கேட்டதுண்டா?

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அறையில் அவசரத் தொலைபேசிப் பட்டியல் ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் அழகாக மாட்டியிருக்கும். தணிக்கைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஒரு நாள் நள்ளிரவுக்குப் பிறகு தடம் அடைபட்டு, பின்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. பட்டியலில் முதலில் இருந்த அதிகாரியைக் கூப்பிட்டேன். அவர் மனைவி எடுத்தார். ‘அவர் போய் ஒரு வருஷம் ஆகிறதே’ என்றார். தூங்கிக்கொண்டிருந்த அம்மையாரிடம் மன்னிப்புக் கேட்டு வைப்பதற்குள் எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. அந்தப் பட்டியலை மாற்றுங்கள் என்று நான் எழுதிக் கொடுத்த குறிப்பு கோப்பில் பத்திரமாக இருந்தது. விடிவதற்குள் தடத்தைத் திறந்துவிட்டோம். ஆனால் ஓட்டுநர்களுக்கு அனுமதிக்கப்பட்ட பணி நேரம் தீர்ந்துவிட்டது. வண்டி ஓரிடம், ஓட்டக்கூடியவர் வேறிடம். அதைச் சீராக்கத்தான் நாட்கள் பிடித்தன. பத்திரிகையில் ‘ஊழியர்கள் இரவு முழுக்கப் போராடிச் சாதனை’ என்று வந்தது. பாராட்டுப் பத்திரம் மேலதிகாரிக்கு. தும்பை விட்டு வாலைப் பிடித்ததற்குப் பெயர் சாதனை.

இன்னொன்றும் நெடுநாளாக மனதில் இருக்கிறது. கையிருப்பு வைப்பது வீண் செலவு, தேவைப்படும்போது பொருள் வந்தால் போதும் என்று டொயோட்டாவைப் புகழ்ந்து தாங்கள் ஒரு காலத்தில் தொடரே வெளியிட்டீர்கள். அதே டொயோட்டா 2011 பூகம்பத்தில் அடிபட்ட பிறகு, மின்னணுச் சில்லுகளை மாதக்கணக்கில் இருப்பு வைக்கும்படி தனக்குப் பாகங்கள் வழங்கும் நிறுவனங்களிடம் சொன்னது. 2021 தொடக்கத்தில் சில்லுத் தட்டுப்பாட்டால் மற்ற கார் நிறுவனங்கள் தடுமாறியபோது அது சில மாதங்கள் தாக்குப்பிடித்தது. எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்று தெரிந்து வைத்திருப்பதுதான் நிர்வாகம். தொடரின் அந்தப் பின்பாதியை எழுத மட்டும் தங்களுக்கு இடம் கிடைக்கவில்லை.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. தலையங்கத்துக்குத் திருத்தம்கூட வேண்டாம். ஒரு தடங்கலைப் பற்றிச் செய்தி போட்டால், அதன் விசாரணை அறிக்கை எப்போது வரும் என்று நாட்காட்டியில் குறித்து வையுங்கள். வந்ததும் அரைப் பத்தி போடுங்கள். எது முன்பே தெரிந்திருந்தது, யார் எழுதிக் கொடுத்தார்கள், எந்தக் கோப்பில் கிடந்தது. அவ்வளவுதான்.

அப்புறம், சென்ற முறை என் கடிதத்தின் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டீர்கள். இந்த முறையும் வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், தயவுசெய்து ‘வணக்கம்’ என்பதை வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சரக்குப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்,
தங்கள் நெடுநாள் வாசகர்