'அந்த நாள்' கதை சொல்லும் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய படங்களின் 'திரைக்குப் பின்னால்' கதைகளை யூடியூபில் சொல்லிவரும் அன்பர்களுக்கு, காரைக்குடியிலிருந்து வணக்கம்.

சுற்றுலா வருகிறவர்களுக்குச் செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிக்காட்டிப் பிழைப்பவன் நான். சிவாஜி நடித்தும் ஓடாமல் போன 'அந்த நாள்' பற்றி உங்களில் ஒருவர் போட்ட காணொளி எது என்று உங்களுக்கே தெரியும். படம் முழுக்க எங்கள் ஊர் வீடு ஒன்றில் எடுக்கப்பட்டதாம்.

சென்ற மாதம் கோவையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் பார்த்த பிறகு, "சிவாஜி குண்டடிபட்டு விழுந்த இடம் எது?" என்று பெரியவர் கேட்டார். "அது சென்னையில் எடுத்த படம் ஐயா" என்றேன். போனை நீட்டினார். "இத்தனை பேர் பார்த்திருக்காங்க, நீங்க மட்டும் இல்லேங்கிறீங்களே!" அன்று இரவே கூகுளில் ஒற்றை நட்சத்திரம். 'உள்ளூர் வரலாறு தெரியாத வழிகாட்டி.' அடுத்து வருகிற ஆள் அதைப் படித்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வார். பூட்டிக் கிடக்கும் வீடுகளின் காவல்காரர்கள் பாடு இன்னும் மோசம். ஷூட்டிங் நடந்த அறையைத் திறந்துவிடச் சொல்லிக் கதவைத் தட்டுகிறார்களாம்.

சென்னையில் மின்சாரம் கிடைக்காமல், இந்தப் படத்தைத் தயாரித்த ஏவி.எம். செட்டியார் காரைக்குடிக்குப் பக்கத்துத் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்தியது உண்மை. 1947இல் வந்த 'நாம் இருவர்' இங்கே எடுத்ததுதான். ஆனால் 1948இலேயே ஸ்டுடியோ சென்னைக்குப் போய்விட்டது. 'அந்த நாள்' வந்தது 1954இல். இதைச் சரிபார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

தயவுசெய்து, சொல்லும் கதைக்கு ஆதாரம் சொல்லுங்கள். எந்தப் புத்தகம், யாருடைய பேட்டி என்று ஒரு வரி போதும்.

நடந்ததே போதுமான கதை என்பதுதான் என் ஆற்றாமை. பாட்டே இல்லாத தமிழ்ப் படம். 'பராசக்தி' நாயகன் இதில் நாட்டைக் காட்டிக்கொடுப்பவன், படம் தொடங்கியதுமே செத்துவிடுகிறான். வேறொரு நடிகரை வைத்துக் கணிசமாக எடுத்த பிறகு, மனம் நிறையாமல் அதை ஒதுக்கிவிட்டு, சிவாஜியை வைத்துத் திரும்ப எடுக்கச் செய்தார் செட்டியார். இயக்கியவர் வீணை எஸ். பாலசந்தர். பாட்டு இல்லையே என்று ஜனங்கள் கைவிட்ட படத்துக்குத் தேசிய விருதில் தகுதிச் சான்று கிடைத்தது. இதற்கு மேல் உங்கள் காணொளியில் சோக வயலின் எதற்கு? 'செட்டியார் நடுத்தெருவுக்கு வந்த கதை' என்ற தலைப்பு எதற்கு? அவர் அதற்குப் பின்னும் பல வெற்றிகளைக் கண்டார்.

படத்தில் ஒரு கொலை, சந்தேகத்தில் ஐந்து பேர், ஆளுக்கொரு கதை. கடைசியிலாவது உண்மை வெளிவரும். உங்கள் தொடரில் அதற்கும் வழியில்லை.

உங்களை மட்டும் சொல்லி என்ன? இப்போது நிஜமாகவே இங்கே படமெடுக்க வருகிறவர்கள் தேக்குத் தூணில் ஆணி அடித்துவிட்டுப் போகிறார்கள். சரி, அது வேறு மடல்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். காணொளியை எடுக்கச் சொல்லவில்லை. ஆதாரம் இருந்தால் கீழே போடுங்கள். இல்லையென்றால், 'இந்தப் படம் காரைக்குடியில் எடுக்கப்பட்டதல்ல' என்று முதல் வரியிலேயே திருத்தம் போட்டுவிடுங்கள். வருகிறவர்களிடம் அதைக் காட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காரைக்குடி வழிகாட்டி ஒருவன்