'தாலிபானின் தஜிக் கிளை' என்றொரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மத்திய ஆசியா பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: "தாலிபானின் தஜிக் கிளையான இஸ்லாமிய மறுமலர்ச்சிக் கட்சி 2015-இல் தடை செய்யப்பட்டது." தடை செய்யப்பட்டது உண்மை. ஆண்டும் சரி. ஆனால் அந்தக் 'கிளை'யைக் கட்டுரையாளர் எந்த மரத்திலிருந்து ஒடித்தார் என்று யோசித்தே எனக்கு இரண்டு நாள் மத்தியானத் தூக்கம் போயிற்று.

அந்தக் கட்சியைத் தஜிகிஸ்தானில் 'நஹ்ஸத்' என்பார்கள். 1990-களில் அவர்களுக்கு வடக்கு ஆப்கானிஸ்தானில் இடம் கொடுத்தவர்கள் அப்போதைய ஆப்கன் ஜனாதிபதி ரப்பானியும், தாலிபானை எதிர்த்துக் கடைசிவரை போரிட்ட அவருடைய தளபதி மசூதும். மசூதுக்கும் தாலிபானுக்கும் இருந்த உறவின் லட்சணத்தை ஆசிரியருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1996 செப்டம்பரில் காபூல் தாலிபான் கைக்குப் போனதும், தஜிகிஸ்தானில் நாலு வருஷமாக அடித்துக்கொண்டிருந்த அரசு, நஹ்ஸத் என்ற இரண்டு தரப்புக்குமே வயிற்றைக் கலக்கியது. அந்த டிசம்பரில் ஜனாதிபதி ரஹ்மோனோவையும் நஹ்ஸத் தலைவர் சையது அப்துல்லோ நூரியையும் ஆப்கன் மண்ணில் எதிரெதிரே உட்காரவைத்தவர் இதே ரப்பானிதான். இவர்களைத் தாலிபான் கிளை என்பது, கீரியைப் பாம்புக்குச் சித்தப்பா என்பது மாதிரி.

இதெல்லாம் தங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது என்று நான் நம்பவில்லை. தெரிந்தவரிடம் கட்டுரையைக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

நான் ஓய்வுபெற்ற மின்பொறியாளன். 2011-இல் வர்சோப் ஆற்றில் ஒரு பழைய நீர்மின் நிலையத்தைப் புதுப்பிக்கிற வேலைக்காகத் தஜிகிஸ்தான் தலைநகர் துஷான்பே போய்ப் பதினொரு மாதம் இருந்தேன். தங்கியது ஒரு நஹ்ஸத்காரர் வீட்டு மாடியில். 'அகா' என்றுதான் கூப்பிடுவேன். தஜிக் மொழியில் அண்ணன். நான் தினமும் நெற்றியில் பட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற ஆள். முதல் வாரம் அது என்ன என்று கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு என்றாவது மறந்துபோய் வெறும் நெற்றியோடு இறங்கினால், "உடம்பு சரியில்லையா?" என்று விசாரிப்பார். தங்கள் 'கிளை'யின் உறுப்பினர் இவர்.

அவருடைய பூர்வீகம் கர்ம் என்ற மலைப்பகுதி. 1950-களில் பருத்திக்காட்டுக்கு ஆள் வேண்டும் என்று சோவியத் அரசு மலை ஊர்களைக் காலிசெய்து வக்ஷ் பள்ளத்தாக்கில் கொண்டுவந்து இறக்கியது. குலோப் பக்கத்து ஆட்களும் அங்கேயே வந்து குடியேறினார்கள். நாற்பது வருஷம் அடுத்தடுத்த வீடு. 1992-இல் சண்டை வந்தபோது நஹ்ஸத்தும் கர்ம்காரர்களும் இருந்த தரப்புக்கு 'வோவ்சிக்' என்று பெயர், வஹாபி என்பதைத் திரித்து. அரசுப் பக்கம் நின்ற குலோப் தரப்பு 'யுர்சிக்'. அது கே.ஜி.பி. தலைவராக இருந்த யூரி ஆந்த்ரோபோவின் பெயரால் வந்ததாம். சோதனைச் சாவடியில் பாஸ்போர்ட்டில் பிறந்த ஊரைப் பார்த்துத்தான் சுட்டார்கள், தொழத் தெரியுமா என்று ஒருவனும் கேட்கவில்லை என்றார் அகா. அந்த டிசம்பர் குளிரில் பஞ்ச் ஆற்றைக் கடந்து ஆப்கானிஸ்தானுக்கு ஓடிய கூட்டத்தில் அவர் குடும்பமும் இருந்தது. தங்கை அக்கரை போய்ச் சேரவில்லை. அதற்கு மேல் அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

நஹ்ஸத்காரர்களைச் சாமியார்களாக்க எனக்கு ஆசையில்லை. அவர்களும் துப்பாக்கி எடுத்தார்கள். 1992 மே மாதம் அப்போதைய ஜனாதிபதி நபியெவ் தன் ஆதரவாளர்களுக்கு ரேஷன் மண்ணெண்ணெய் மாதிரி கலாஷ்னிகோவ் கொடுத்தார் என்பதற்காக இவர்கள் கை சுத்தமாகிவிடாது. செத்தவர்கள் 50,000 பேர் என்பார்கள், ஒரு லட்சம் என்பாரும் உண்டு.

ஆனால் 1997 ஜூன் 27-இல் மாஸ்கோவில் ரஹ்மோனோவும் நூரியும் கையெழுத்துப் போட்டார்களே, அது தங்கள் கட்டுரையில் எங்கே? அரசுப் பதவிகளில் 30 சதவீதம் எதிர்த்தரப்புக்கு என்று ஒப்பந்தம். ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டுத் தேர்தலுக்கு வந்தார்கள். 63 பேர் கொண்ட கீழவையில் 2000-இல் 2 இடம், 2005-இல் 2 இடம், 2010-இல் மறுபடியும் 2. "எங்களுக்கு மட்டும் வாக்காளர்கள் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை" என்று அகா சிரிப்பார். கட்சிப் பத்திரிகையான 'நஜோத்'தை மடிப்புக் கலையாமல் அடுக்கி வைத்திருப்பார். முன்னாள் சோவியத் மத்திய ஆசியாவிலேயே சட்டப்படி இயங்கிய ஒரே இஸ்லாமியக் கட்சி அது.

2015 மார்ச்சில் அந்த 2 இடமும் போனது. ஆகஸ்ட் 28-இல் நீதி அமைச்சகம் கடையைக் கட்டச் சொல்லிப் பத்து நாள் கெடு வைத்தது. செப்டம்பர் 4-இல் துணைப் பாதுகாப்பு அமைச்சர் நசர்சோதா கலகம் செய்தார். பழியும் கட்சிமேல் விழுந்தது. கலகத்துக்கு ஒரு வாரம் முன்பே கெடு வைத்தாயிற்று என்பதைக் கவனியுங்கள். மாதக் கடைசியில் உச்ச நீதிமன்றம் பயங்கரவாத முத்திரை குத்தியது. நூரிக்குப் பின் வந்த தலைவர் கபிரி அதற்கு முன்பே வெளிநாடு போயிருந்தார். துணைத்தலைவர்கள் இருவருக்கு ஆயுள் தண்டனை. வாதாட வந்த வழக்கறிஞர் புசுர்க்மேரையும் உள்ளே தள்ளினார்கள். அந்த டிசம்பரில் அதே ஜனாதிபதி ரஹ்மோனோவுக்குச் சட்டம் போட்டுக் கொடுத்த பட்டம் என்ன தெரியுமா? 'சமாதானத்தையும் தேசிய ஒற்றுமையையும் நிறுவியவர்'. யாரோடு சமாதானம் என்று மட்டும் கேட்கக் கூடாது. ஜூன் 27 அங்கே இன்றும் அரசு விடுமுறை.

அதே 2015 மே மாதம் ஐ.எஸ். அமைப்பில் சேர்ந்துவிட்டதாக வீடியோவில் தோன்றினாரே குல்முரோத் ஹலிமோவ், அவர் நஹ்ஸத் இல்லை. அரசின் சொந்தச் சிறப்புப் போலீஸ் படைக்கே தளபதி. 'கிளை' என்ற சொல் தங்களிடம் மிச்சம் இருந்தால் அங்கே ஒட்டிப் பார்க்கலாம்.

தடை வந்த சமயத்தில் இதையெல்லாம் நாலு பக்கத்துக்கு எழுதி உங்களுக்கு அனுப்பினேன். 'துஷான்பே குளிர்: ஒரு வாசகர் அனுபவம்' என்று ஆறு வரி போட்டீர்கள். குளிரைப் பற்றி நான் எழுதியது ஒரே ஒரு வாக்கியம். அதுவும் மின்வெட்டைப் பற்றி. அதற்கும் முன்பு ஒருமுறை துஷான்பே என்று சமர்கண்ட் ரெஜிஸ்தானின் படத்தைப் போட்டிருந்தீர்கள். சமர்கண்ட் உஸ்பெகிஸ்தானில் இருக்கிறது. தங்கள் பழைய நகரம் கைவிட்டுப் போன அந்த ஏக்கமே தஜிக்குகளுக்கு இன்னும் தீரவில்லை. தபால் அட்டையில் எழுதினேன். பதில் இல்லை. நான் அங்கிருந்து திரும்பி வந்தபோது எங்கள் தெருவில் ஒருவர், "தீவிரவாதி வீட்டிலா சார் குடியிருந்தீங்க?" என்று கேட்டார். அவர் உங்கள் பத்திரிகையின் தீவிர வாசகர். அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

அகாவோடு கடைசியாகப் போனில் பேசியது 2015 அக்டோபரில். 'நஜோத்' அடுக்கை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "அண்ணா, இங்கே இந்த வருஷம் குளிர் சீக்கிரம் வந்துவிட்டது, அடுப்புக்கு நல்லதாகப் போயிற்று" என்றார். அப்புறம் அந்த எண் கிடைக்கவில்லை.

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் ஒரு மூலையில், 'இஸ்லாமிய மறுமலர்ச்சிக் கட்சி தாலிபானின் கிளை அல்ல' என்று ஒரு வரி போடுங்கள். திருத்தம் என்று தலைப்புப் போட மனமில்லாவிட்டால் வேண்டாம். இந்தக் கடிதத்தைச் சுருக்கி வெளியிடுவதாக இருந்தால், தயவுசெய்து வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
29 வருஷச் சந்தாதாரர்,
திருவெறும்பூர், திருச்சி