பூட்டில்லாத பன்னிரண்டு வாசல்கள்: ஞாயிறு பள்ளிப் பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

ஞாயிறு பள்ளிப் பாடங்களை எழுதுகிற, அவற்றுக்குப் படம் வரைகிற, அச்சுக்கு அனுப்புகிற அனைவருக்கும் கிறிஸ்துவுக்குள் அன்பான வாழ்த்துகள்.

பல ஆண்டுகளாக நீங்கள் தயாரித்த ஏடுகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துவருகிறேன். அவற்றில் பரலோகத்தைப் பற்றிய பாடத்தில் வண்ணம் தீட்டுவதற்கென ஒரு படம் இருக்கிறது. மேகத்தின்மேல் கம்பி போட்ட உயரமான கதவு. அதன் முன்னால் நீண்ட தாடியோடு இயேசுவின் சீடரான பேதுரு. இடுப்பில் சாவிக்கொத்து, கையில் பெரிய பதிவேடு. சென்ற முறை அந்தப் படத்தைக் கொடுத்தபோது ஒரு சிறுமி கதவின் நடுவில் கறுப்பு வண்ணத்தால் ஒரு பூட்டையும் சேர்த்து வரைந்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "எங்க தாத்தாவுக்குக் காது கேக்காது. பேரைக் கூப்பிட்டா அவருக்கு எப்படித் தெரியும்?" அவளுடைய தாத்தா இறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்குப் போய் வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தின் 21ஆம் அதிகாரத்தை மறுபடி வாசித்தபோதுதான், நம் படத்துக்கும் அந்த வசனங்களுக்கும் இருக்கும் தூரம் எனக்கு உறைத்தது.

பத்மு தீவில் யோவான் தரிசனமாகக் கண்ட புதிய எருசலேம் என்னும் பரிசுத்த நகரத்தில் கதவு ஒன்றல்ல. கிழக்கே மூன்று, வடக்கே மூன்று, தெற்கே மூன்று, மேற்கே மூன்று என்று பன்னிரண்டு வாசல்கள். எந்தத் திசையிலிருந்து வருகிறவரும் நகரத்தைச் சுற்றிக்கொண்டு போகத் தேவையில்லை. வாசல்களின் அருகில் நிற்பவர்கள் பன்னிரண்டு தூதர்கள். பேதுருவை அங்கே காணோம். அப்போஸ்தலர்களின் பெயர்கள் வாசல்களில் இல்லை, மதிலின் அஸ்திபாரங்களில் இருக்கின்றன. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது 25ஆம் வசனம்: "அங்கே இராக்காலம் இல்லாதபடியால், அதின் வாசல்கள் பகலில் அடைக்கப்படுவதேயில்லை."

அடைப்பதற்கும் இரவுக்கும் என்ன தொடர்பு என்பதை அந்தக் காலத்து நகரவாசிகளுக்கு யாரும் விளக்கவேண்டியிருந்திருக்காது. எரிகோவின் வாசல் இருட்டும் வேளையில் அடைக்கப்படுவதை யோசுவாவின் புத்தகத்தில் வாசிக்கிறோம். வெயில் ஏறும்வரை எருசலேமின் வாசல்களைத் திறக்கவேண்டாம் என்று நெகேமியா கட்டளையிடுகிறார். இருட்டில் பகைவன் வருவான் என்ற பயம் நகர வாசலுக்குக் கதவைக் கொடுத்தது. இருட்டும் பயமும் ஒழிந்த நகரத்தில் வாசல் இருக்கிறது, அடைக்கிற வேலை இல்லாமல் போகிறது. நம் மொழியிலேயே இந்த வேறுபாடு தெளிவாக இருக்கிறது: இல்லத்தின் வாய் என்னும் பொருளில் வந்த 'இல்வாய்'தான் முன்பின்னாக மாறி 'வாயில்' ஆயிற்று என்று இலக்கணம் சொல்லும். வாய் திறப்பைக் குறிக்கிறது. மூடுகிற பொருள் கதவு. யோவான் வாசலைப் பார்த்தார், நாம் கதவை வரைந்துகொண்டிருக்கிறோம்.

மதிலின் அளவையும் கவனியுங்கள். நகரம் பன்னீராயிரம் ஸ்தாதி, அதாவது ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். நீளம், அகலம், உயரம் மூன்றும் சமம். மதிலோ 144 முழம். சுமார் 65 மீட்டர். அது உயரமோ தடிப்போ, எதுவானாலும், இந்த மதில் யாரையும் வெளியே நிறுத்தக் கட்டப்பட்டதாகத் தெரியவில்லை. (எண்களை அப்படியே கட்டட அளவாக எடுக்கக்கூடாது, பன்னிரண்டின் பெருக்கங்களே இங்கே பேசுகின்றன என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அடையாளமாக எடுத்தாலும் விகிதம் விகிதம்தான்.)

ஒவ்வொரு வாசலும் ஒரே முத்தாலானது என்பதில் இன்னும் சற்று நிற்க விரும்புகிறேன். அஸ்திபாரக் கற்கள் மண்ணிலிருந்து வருகின்றன. முத்து மட்டும் ஓர் உயிரின் உடலுக்குள் விளைகிறது. மணல் துகளால் முத்து உண்டாகிறது என்று பிரசங்கங்களில் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் உள்ளே புகுந்த ஒட்டுண்ணியோ திசுவுக்கு நேர்ந்த காயமோதான் காரணம், அதைச் சுற்றிச் சிப்பி அடுக்கடுக்காகப் பூசிய பூச்சே முத்து. அதோடு, செதிலும் துடுப்பும் இல்லாத நீர்வாழ் உயிர்களை லேவியராகமம் அருவருப்பு என்று ஒதுக்குகிறது. சிப்பியும் அதில் அடங்கும். தீட்டென்று தள்ளப்பட்ட ஒன்றின் வயிற்றில் பிறந்தது பரிசுத்த நகரத்தின் வாசலாகிவிட்டது! யோவான் இதை நினைத்துத்தான் எழுதினார் என்று நான் வாதிடமாட்டேன். ஆனால் வாசல்களில் எழுதப்பட்ட இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களின் பெயர்களும் அதே திசையில்தான் போகின்றன. எசேக்கியேல் 48ஆம் அதிகாரம் அந்தப் பெயர்களை வரிசையாகத் தருகிறது: ரூபன், யூதா, லேவி என்று. தம்பியைக் குழியில் போட்டு இருபது வெள்ளிக்காசுக்கு விற்றவர்களின் பெயர்களே அவற்றில் பெரும்பாலானவை. விற்கப்பட்ட யோசேப்புக்கும் அங்கே ஒரு வாசல் உண்டு.

அப்படியானால் பேதுருவின் சாவி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். "பரலோகராஜ்யத்தின் திறவுகோல்களை நான் உனக்குத் தருவேன்" என்ற மத்தேயு 16:19இலிருந்துதான். சபையை மேய்க்கும் அதிகாரம் என்று கத்தோலிக்கர் அதை விளக்குகின்றனர். சுவிசேஷத்தை அறிவித்து ராஜ்யத்தைத் திறந்துவிடும் பணி என்று சீர்திருத்த மரபினர் பலர் விளக்குகின்றனர். இரண்டு விளக்கத்திலும் அந்தச் சாவி பூமியில் பயன்படுகிற சாவி. இறந்தவர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கேட்கும் காவலர் வேலையை எந்த வசனமும் பேதுருவுக்குக் கொடுக்கவில்லை. நகைச்சுவைத் துணுக்குகள் கொடுத்த வேலை அது.

எனக்கு எதிராக எடுக்கக்கூடிய வசனங்களையும் மறைக்கக்கூடாது. பத்துக் கன்னிகைகளின் உவமையில் கதவு அடைக்கப்படுகிறது. லூக்கா 13இல் வீட்டெஜமான் எழுந்து கதவைப் பூட்டுகிறார். ஜீவபுஸ்தகத்தில் எழுதப்பட்டவர்கள் மாத்திரம் பிரவேசிப்பார்கள் என்று அதே 21ஆம் அதிகாரம் முடிகிறது. இந்த எச்சரிக்கைகளைப் பாடத்திலிருந்து நீக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் "நானே வாசல்" என்று இயேசு சொன்ன பிறகு, வாசலைக் கம்பியும் பூட்டுமாக வரைவது அவரைப் பற்றியே ஏதோ சொல்லிவிடுகிறது. அதுமட்டுமா? ராஜ்யத்தை மனிதருக்கு முன்பாகப் பூட்டிப்போடுகிறவர்கள் என்று அவர் கடிந்துகொண்டது வேதபாரகரையும் பரிசேயரையும். போதிக்கிற இடத்தில் இருந்தவர்களை. நீங்களும் நானும் இருப்பது அந்த இடம் என்பதால் இதை எழுதும்போது எனக்கே கூசுகிறது.

ஆகவே அடுத்த பதிப்பில் அந்தப் பக்கத்தை மாற்றித்தர வேண்டுகிறேன். நான்கு திசையிலும் வாசல்கள், ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு தூதர், உள்ளிருந்து வரும் வெளிச்சம், 24ஆம் வசனம் சொல்கிறபடி அந்த வெளிச்சத்தில் நடக்கிற ஜனங்கள், தங்கள் மகிமையைச் சுமந்துகொண்டு உள்ளே போகிற ராஜாக்கள்: ஓவியருக்கு இவ்வளவு சொன்னால் போதும். பேதுரு வேண்டுமென்றால் அந்த ஜனங்களோடு நடந்து போகட்டும். அந்தச் சிறுமி வண்ணம் தீட்டிய தாளை இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். அவள் வரைந்த பூட்டை உற்றுப் பாருங்கள், சாவித்துளை போடவில்லை.

இப்படிக்கு,
ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியர்