குடியை விட்டவனின் முதல் ஆறு மாதம்: மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை அதிகாரிகளுக்கும், கூடவே மக்கள் நல்வாழ்வுத் துறையினருக்கும் வணக்கம்ங்க.

டாஸ்மாக் கடையை மூடுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. அதைக் கேட்க ஆள் நிறைய இருக்கிறார்கள், கேட்டுக் கேட்டே 2015-ல் போராட்டத்தில் உயிரை விட்ட காந்தியவாதி சசிபெருமாளும் இருந்தார். நான் கேட்பது வேறு. குடிக்கிறவன் சந்தோஷத்துக்காகக் குடிக்கிறான், கெடுதல் என்று எடுத்துச் சொன்னால் விட்டுவிடுவான் என்ற நினைப்பில்தான் உங்கள் எச்சரிக்கை வாசகமும் விழிப்புணர்வுப் பேரணியும் நடக்கின்றன. குடிக்கு அடிமையானவனுக்குச் சந்தோஷம் எப்பவோ போய்விட்டது. குடியை விட்ட மறுநாளே அது திரும்பியும் வருவதில்லை. நடுவில் இருக்கிற அந்த மாதங்களில் எங்களைக் கவனிக்க ஆளில்லை என்பதுதான் என் புகார்.

நான் கோவைப் பக்கம் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவன். ஆரம்பத்தில் குடி சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைத்துப் பேசி என்ன ஆகப்போகிறது. சனிக்கிழமை சம்பளம், நாலு பேர் சேர்ந்து ஒரு ஆஃப், பெப்பர் சிக்கன், பழைய பாட்டு, வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சிரிப்பு. சில வருஷம் அப்படி ஓடியது. அப்புறம் காலையில் கை நடுங்க ஆரம்பித்தது. லேத்தில் நிற்கிறவனுக்குக் கை நடுங்கினால் டூல் செட் பண்ண முடியாது, மைக்ரோமீட்டரில் அளவு பார்க்க முடியாது, கொஞ்சம் அசந்தால் விரலே போய்விடும். ஒரு கட்டிங் உள்ளே போனால் நடுக்கம் நின்றுவிடும். கடை பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும் என்பது உத்தரவு. விடிகாலையில் எங்கே கூடுதல் விலைக்குக் கிடைக்கும் என்பது ஊருக்கே தெரியும், உங்களுக்குத் தெரியாதா என்ன? அங்கே வந்து நிற்கிறவர்களின் முகத்தை ஒருநாள் போய்ப் பாருங்கள். யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். சைட் டிஷ் கிடையாது, சிரிப்பு கிடையாது. பிளாஸ்டிக் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். 2023-ல் காலையிலேயே கடை திறக்கலாமா என்று பேச்சு எழுந்தபோது பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் திட்டினார்கள். காலையில் குடித்தே ஆகவேண்டிய ஒரு கூட்டம் இருப்பது அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கிறதே, அவர்களை டாக்டரிடம் அனுப்பலாம் என்று மட்டும் ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்றுதான் நான் யோசித்தேன்.

மருத்துவர்கள் எனக்குச் சொல்லிப் புரியவைத்ததை அப்படியே சொல்கிறேன். மது மூளையின் வேகத்தைக் குறைக்கிறது. தினமும் குறைத்துக்கொண்டே இருந்தால், மூளை அதைச் சமாளிக்கத் தன் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. திடீரென்று மது நின்றால் கூட்டி வைத்த அந்த வேகம் மட்டும் தறிகெட்டு ஓடும். நடுக்கம், வியர்வை, தூக்கமே இல்லாத இரவு, முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு, அதைத் தாண்டினால் இல்லாத ஆளோடு பேசுகிற பிதற்றல் நிலை. அந்தக் கடைசி நிலையில் சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிர் போகலாம். நாள்பட்டுக் குடித்தவன் வைராக்கியத்தில் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, டாக்டரைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும் என்று ஒரு பேரணியிலாவது சொல்லியிருக்கிறீர்களா? பழைய பாட்டில்களில் 'மது நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்குக் கேடு' என்று போட்டிருந்தீர்கள். சரி, கேடு. நிறுத்துகிற வழியைப் பற்றி ஒரு வரி போட அதே லேபிளில் இடமில்லையா?

2020 ஊரடங்கில் மார்ச் கடைசியில் மூடிய கடைகள் மே 7 அன்றுதான் திறந்தன. நடுவில் சரக்குக் கிடைக்காமல் கண்டதையும் கலந்து குடித்துச் செத்தவர்கள் பற்றிய செய்தி தமிழ்நாட்டிலிருந்தும் வந்தது. கேரளத்தில் டாக்டர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று அந்த அரசு உத்தரவே போட்டது, உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. அந்த உத்தரவு சரியா தப்பா என்பதை விடுங்கள், குடிக்கு அடிமையானவனுக்குக் குடி நின்றால் உடம்பு என்ன பாடுபடும் என்பது அன்றைக்கு நாட்டுக்கே தெரிந்தது. அப்புறம் எல்லாரும் மறந்துவிட்டோம். 2016-ல் 500 கடை, 2017-ல் 500 கடை, 2023-ல் 500 கடை என்று மூடினீர்கள். மூடிய கடையின் வாடிக்கையாளர் அடுத்த கடைக்கு நடந்தார், அவ்வளவுதான். 2024-25-ல் வருமானம் 48,344 கோடி ரூபாய்.

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம்.

மறுவாழ்வு மையத்திலிருந்து வெளியே வந்தபோது எல்லாரும் எனக்குச் சொன்னது "இனிமேல் சந்தோஷமா இருப்பே" என்பதுதான். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். மனைவி கையில் சம்பளம் முழுசாக வந்தது. மகள் ஸ்கூலில் பரிசு வாங்கிவந்து காட்டினாள். பெருமைப்பட வேண்டிய நேரம் என்று எனக்குத் தெரிகிறது, உள்ளே ஒன்றுமே அசையவில்லை. சாப்பாடு சப்பென்று இருந்தது, டிவி சப்பென்று இருந்தது, ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் விடியும்வரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். வருஷக்கணக்கில் மதுவுக்கு மட்டுமே துள்ளிப் பழகிய மூளைக்குச் சாதாரண விஷயங்களில் ருசி திரும்ப வாரங்கள், பலருக்கு மாதங்கள் ஆகும், சிலருக்கு மனச்சோர்வுக்கென்று தனியாகவே சிகிச்சை தேவைப்படும் என்று பிற்பாடுதான் ஒரு டாக்டர் சொன்னார். அதை முதல் நாளே சொல்லியிருந்தால் எவ்வளவு தெம்பாக இருந்திருக்கும்! 'குடியை விட்டும் சந்தோஷம் இல்லையே, அப்புறம் எதுக்கு விட்டோம்?' என்று தோன்றுகிற அந்த இடத்தில்தான் நிறையப் பேர் திரும்பக் கடைக்குப் போகிறார்கள். ஊர் அதற்கு வைக்கிற பெயர் திமிர், கொழுப்பு. "ஒரு தடவை அடிச்சா ஒண்ணும் ஆகாது மாப்ள" என்று சொல்கிறவனும் சரியாக அந்த நேரத்தில்தான் வந்து நிற்பான்.

2025-ல் 'கலங்கரை' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் 25 போதை மீட்பு மையங்கள் திறந்தீர்கள். நல்ல காரியம், கிண்டலாகச் சொல்லவில்லை. ஆனால் அப்போது உங்கள் கடைகள் 4,700-க்கு மேல். மத்திய சமூகநீதித் துறைக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான நாடுதழுவிய ஆய்வில், மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொல்லியிருக்கிறார். உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180-ல் ஒருவர்.

ஆகவே நான் கேட்பது இது. 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று 2021-லிருந்து வீடு வீடாகப் போய் பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை கொடுக்கிறீர்கள். எங்கள் தெருவுக்கு வருகிற அக்கா என் அம்மாவுக்குக் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்க்கும்போது நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். என்னிடம் கேட்க அவரிடம் ஒரு கேள்வியும் இல்லை. "தூக்கம் வருதாங்க? சரக்கு நினைப்பு வருதா? மாத்திரை இருக்கா?" இந்த மூன்றைக் கேட்க அவருக்குப் பயிற்சி கொடுங்கள். குடிக்கிற ஏக்கத்தைக் குறைக்கிற நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் மாதிரியான மாத்திரைகள் இருக்கின்றன, டாக்டர் பார்த்து எழுதினால் பலருக்கு உதவுகின்றன. அவை தாலுகா மருத்துவமனையில் எந்நேரமும் இருப்பு இருக்கட்டும். மாதா மாதம் வாங்குவதற்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மாவட்டத் தலைநகரம் வரை போகிறவன் எத்தனை மாதம் போவான்?

இன்னொன்று, சுவரொட்டிகள். 'குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்' என்று ஒட்டியிருப்பார்களே, அதை நம்பிக் குழம்பில் பொடியைக் கலந்து வைக்கிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, வேறு வழி தெரியாமல்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பொடி டைசல்பிராம் என்ற மருந்தாக இருந்து, விஷயம் தெரியாத மனுஷன் மேலே ஒரு குவார்ட்டரையும் போட்டுவிட்டால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அது நோயாளிக்குச் சொல்லி, அவன் சம்மதத்தோடு, டாக்டர் கண்காணிப்பில் கொடுக்கிற மருந்து. அந்தச் சுவரொட்டிகளை ஒட்டுகிறவர்களைப் பிடிப்பது ஒன்றும் பெரிய வேலையில்லை, போன் நம்பரை அவர்களே போட்டிருக்கிறார்கள்.

சாயங்கால நேரம் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஷிப்டு முடிந்து ஆறரை மணியிலிருந்து பத்து மணிவரை எங்களுக்குப் போக இடமில்லை. வழக்கமான சேக்காளிகள் அத்தனை பேரும் பாரில் இருப்பார்கள். நான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போகிறேன். 1935-ல் அமெரிக்காவில் ஆரம்பித்தது, இங்கே தமிழிலேயே நடக்கிறது, கட்டணம் கிடையாது. அவர்களுடைய கடவுள் பேச்சு எனக்கு அவ்வளவாக ஒட்டாது, ஆனால் அந்த ஒன்றரை மணி நேரம் நான் வேறெங்கும் இருக்க மாட்டேன், அதுவே எனக்குப் பெரிசு. எல்லாருக்கும் அது பிடிக்க வேண்டும் என்றில்லை. அரசுப் பள்ளியில் ஒரு வகுப்பறை, ஒரு கேரம் போர்டு, டீ, அவ்வளவு செலவில் நீங்களே சாயங்காலம் ஒரு இடம் திறந்து வைக்கலாம்.

காலிப் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் வைத்து, ஸ்டிக்கர் ஒட்டி, திரும்ப வாங்க ஏற்பாடு செய்தீர்கள். நீதிமன்றம் சொல்லித்தான் செய்தீர்கள், இருந்தாலும் நடக்கிறது. பாட்டில் எங்கே போய்ச் சேர்ந்தது என்று கணக்கு வைக்க முடிகிற துறைக்கு ஆளின் கணக்கும் வைக்க முடியும்.

ஒவ்வொரு வருஷமும் சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது உங்கள் கொள்கை விளக்கக் குறிப்பில் டாஸ்மாக் வருமானத்தைச் சுத்தமாக அச்சடிக்கிறீர்கள். அடுத்த முறை அதே பக்கத்தில் இரண்டு எண்களையும் போடுங்கள்: அந்த வருஷம் அரசுச் சிகிச்சைக்கு வந்தவர்கள் எத்தனை பேர், ஆறு மாதம் கழித்து நீங்கள் தேடிப்போய்ப் பார்த்தபோது குடிக்காமல் இருந்தவர்கள் எத்தனை பேர். இரண்டாவது எண் சின்னதாகத்தான் இருக்கும், பரவாயில்லை, போடுங்கள். அதுவரைக்கும் கடை வாசல் விலைப்பட்டியலுக்குப் பக்கத்திலேயே 14446 என்ற இலவச உதவி எண்ணை அதே அளவு எழுத்தில் எழுதி வையுங்கள். கடை திறக்கக் காத்து நிற்கிறவன் கண்ணில் அதுவாவது படட்டும்.

இப்படிக்கு,
லேத் ஆபரேட்டர் ஒருவன்,
கோவை